பஞ்சவர்ணத்தை யாரும் நினைக்கக் கூடாது

கண்ணில் மரப்பு மருந்து விட்டாகிவிட்டது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கத்தியை எடுத்துக் குனிந்தார். அந்த நேரம் பார்த்துப் பஞ்சவர்ணம், “ஹிக்” என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி குனிந்தார்.

“ஹிக்.”

“மூச்ச அடக்கிக்குங்கம்மா” என்றாள் நர்ஸ் அமலோற்பவமேரி.

பஞ்சவர்ணம் மூச்சை அடக்கினாள். முகம் சிவந்தது. டாக்டர் குனிந்தார். அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மேஜையே ஆடுகிற மாதிரி ஒரு விக்கல் வந்தது. டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார்.

வெளியே அவள் புருஷன் நல்லுசாமி, அரியலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரைப் பார்த்ததும் எழுந்தார்.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சுங்களா?”

“ஆரம்பிக்கவே இல்ல. உன் சம்சாரத்துக்கு விக்கல்.”

“விக்கல் தொண்டையில தானுங்க? நீங்க கண்ணுல வேலயப் பாருங்களேன்.”

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கண்ணத் தொறந்து வச்சிருக்கறப்போ ஒரு விக்கல் வந்தா, உள்ள இருக்கறது வெளியில வந்துடும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, எனக்கு மேல இருக்கறவராலயும் முடியாது.”

“பெருமாளாலயுமா?”

“மெட்ராஸ்ல இருக்கற பெரிய டாக்டரச் சொன்னேன்யா.”

“அப்ப அடுத்த மாசம் வெச்சுக்கலாங்களா?”

“அடுத்த மாசம் நான் எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது. பட்டாளத்துக்கு டாக்டருங்கள வாரிக்கிட்டுப் போறாங்க. வெள்ளிக்கிழம சாயங்காலம் ரயிலேறிடுவேன். அதுக்குள்ள விக்கல் நிக்கணும். கத்தி வைக்கத்தான் நான் வேணும். கட்டு மாத்தறதுக்கு இங்கயே ஆள் இருக்கு.”

பஞ்சவர்ணத்துக்கு இடது கண் சின்ன வயதில் அம்மையில் போனது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை விழுந்தது. போன வருஷம் வந்தபோது இதே டாக்டர், “இன்னும் பழுக்கல, பழுத்ததும் வா” என்றார். ஒரு வருஷம் காத்திருந்து பழுக்க வைத்தாயிற்று. இப்போது அவளுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறது. இனியும் விட்டால் கண்ணே கெட்டுவிடும் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் வாயு மிக்ஸ்சர் கொடுத்தார்கள். அது உள்ளே போனதும் விக்கலோடு ஏப்பமும் சேர்ந்துகொண்டது. நல்லுசாமி சர்க்கரை வாங்கி வந்து வாயில் போட்டார். மூச்சு விடாமல் ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பாதிச் செம்பில் விக்கல் வந்து, மீதித் தண்ணீர் அவர் முகத்தில் வந்து விழுந்தது.

“பயங்காட்டினா நிக்கும்யா” என்று கம்பவுண்டர் காதோடு சொன்னார்.

நல்லுசாமி யோசிக்கவில்லை. நேராகப் போய்க் கட்டில் தலைமாட்டில் நின்று, “ஏ புள்ள, மாட்டுக்கொட்டாய் பத்திக்கிட்டு எரியுது” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

துணி மறைப்புக்கு அந்தப் பக்கம், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவர், ஆஸ்பத்திரிதான் எரிகிறது என்று நினைத்துப் போர்வையோடு எழுந்து ஓடினார். கேட்டுக்கு வெளியேதான் அவரைப் பிடிக்க முடிந்தது. அவருடைய மனைவி கொளஞ்சியம்மாள் திரும்பி வரும்வரை நல்லுசாமியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பஞ்சவர்ணம் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“எந்தப் பக்கம் – ஹிக் – எரியுது?”

“எரியல புள்ள. சும்மா சொன்னேன்.”

“எரியாமயா அப்புடிக் கத்துனீங்க?”

“பயங்காட்டச் சொன்னாங்க, கத்துனேன்.”

“செவலக் கன்னுக்குட்டி – ஹிக் – என்னாச்சு? எரிஞ்சத மறைக்கத்தான் இப்ப சும்மான்னு சொல்றீங்க. போய்ப் பாத்துட்டு வாங்க.”

விக்கல் நிற்கவில்லை. பெரம்பலூரில் இருக்கிற மாட்டுக்கொட்டாய் கவலையும் சேர்ந்துகொண்டது.

கொளஞ்சியம்மாள் கோபம் ஆறியதும் மறைப்பை விலக்கிக்கொண்டு வந்தாள். “ஏம்மா, மிக்ஸ்சரும் சக்கரையும் எதுக்கு? உன்ன யாரோ நெனக்கிறாங்க. பேரு பேரா சொல்லிப் பாரு. நெனக்கிறவங்க பேரு வந்தா நின்னுடும்.”

இது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. டாக்டர், ஆஸ்பத்திரி என்ற மிரட்சியில் இருவருக்கும் மறந்துபோயிருந்தது. பஞ்சவர்ணம் உடனே ஆரம்பித்தாள். அண்ணன் பேர், அண்ணி பேர், மருமகள் பேர், பங்காளிகள் பேர், பால் ஊற்றுகிறவள் பேர். விட்டுப்போனதை நல்லுசாமி எடுத்துக் கொடுத்தார். மணியக்காரர், நாவிதர், எண்ணெய்ச் செக்குக்காரர்.

“செத்துப்போனவங்கள – ஹிக் – சொல்லலாமா?”

“வேணாம். அவங்க நெனச்சா விக்கலோட நிக்காது” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“காத்தாயி” என்றாள் பஞ்சவர்ணம்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவேண்டிய விக்கல் வரவில்லை.

“ஆஹா” என்றார் நல்லுசாமி. அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. ஆனாலும் ஒன்று தப்பியது தப்பியதுதான்.

காத்தாயி பஞ்சவர்ணத்தின் தங்கை. குரும்பலூரில் வாக்கப்பட்டவள். அம்மா செத்தபோது வீட்டிலிருந்த பித்தளை அண்டாவை யார் எடுத்துக்கொள்வது என்று அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை. அண்டா தங்கையோடு போனது. பேச்சுவார்த்தை அதோடு நின்றது.

“அவதான் கறுவிக்கிட்டே இருக்கா” என்றாள் பஞ்சவர்ணம். “அண்டாவும் அவளுக்கு – ஹிக் – என் கண்ணும் அவளுக்கா?”

“நான் போய்ச் சொல்லிட்டு வரேன்” என்று நல்லுசாமி கிளம்பினார்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடிய காலம். அரியலூரிலிருந்து போகிற பஸ் பின்னால் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு புகைந்து புகைந்து ஓடியது. மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளியும் நடந்தும் மறுநாள் காலையில் அவர் குரும்பலூர் போய்ச் சேர்ந்தார். வழியில் பெரம்பலூரில் மாட்டுக்கொட்டாயையும் பார்த்துக்கொண்டார். கன்றுக்குட்டி அசை போட்டுக்கொண்டிருந்தது.

காத்தாயி கொல்லையில் அந்த அண்டாவைத்தான் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வா மச்சான். அண்டாவுக்கா வந்தே?”

“அண்டாவ நீயே வச்சுக்க. ஒரே ஒரு ஒதவி. வெள்ளிக்கிழம வரைக்கும் உங்கக்காவ நெனக்காம இரு.”

“நானா? அவள நெனக்கிறதா? அவ மூஞ்சியே மறந்துடுச்சு.”

“ரொம்ப நல்லது. அப்புடியே இரு.” நல்லுசாமி திரும்பினார்.

“ஏன், என்னா அவளுக்கு?”

அதற்குப் பதில் சொல்லாமல் போயிருக்கலாம். நல்லுசாமி சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும் முன்பே காத்தாயி அண்டாவை விட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

“எங்கக்காளுக்குக் கண்ணு போவுதா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“அழுவாத காத்தாயி. அழுதா நெனக்கிறன்னு அர்த்தம்.”

“நெனக்காம எப்புடி மச்சான் அழுவறது?”

“அதுக்குத்தான் அழுவாதங்கிறேன்.”

“கூடப் பொறந்தவளுக்கு அழுவாதவளா நானு?”

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் காத்தாயி முதலிலிருந்து சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும், “ஐயோ பாவம், பஞ்சவர்ணமா” என்று பெருமூச்சு விட்டார்கள். வந்தபோது ஒருத்தி நினைத்தாள். இப்போது தெருவே நினைக்கிறது.

இனிமேல் ஆள் ஆளாகப் போய்ச் சொல்லி ஆகாது என்று அவருக்குத் தோன்றியது. மொத்தமாகச் சொன்னால்தான் அடங்கும். அன்றைக்குப் பெரம்பலூரில் சந்தை. வேகமாக நடந்து போய்த் தண்டோரா போடுகிற வைரக்கண்ணுவைத் தேடிப் பிடித்தார்.

“என்னா சேதிங்க? நெலம் ஏலமா, மாடு காணமா?”

“என் பொண்டாட்டிய யாரும் நெனக்கக் கூடாது.”

வைரக்கண்ணு குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரையே பார்த்தார். “யாராச்சும் நெனக்கிறாங்களா?”

“அதுதானப்பா தெரியல.”

“அப்ப பேரச் சொல்லித்தான் ஆவணும். இல்லாட்டி யார நெனக்கக் கூடாதுன்னு சனங்களுக்கு எப்புடித் தெரியும்?”

நியாயமாகத்தான் பட்டது. சந்தை நடுவில் டமடமவென்று அடி விழுந்தது. “இதனால் சகலமானவங்களுக்கும் தெரியப்படுத்தறது என்னன்னா, நல்லுசாமி சம்சாரம் பஞ்சவர்ணத்த வெள்ளிக்கிழம முடிய யாரும் நெனக்கக் கூடாது, நெனக்கக் கூடாது, நெனக்கக் கூடாது.”

விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மாடு பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டார்கள்.

“யாரு அந்தப் பஞ்சவர்ணம்?” என்றாள் புளி விற்கிறவள்.

“பாக்க எப்புடி இருப்பா?”

“அப்புடி என்னா அழகு, ஊரக் கூட்டி நெனக்காதங்குறான்?”

மீசையை முறுக்கிவிட்ட ஒரு ஆள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். “ஏங்க, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நெனக்கலாங்களா?”

நல்லுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பஸ்ஸில் காத்தாயி ஏறி உட்கார்ந்திருந்தாள். கூடவே குரும்பலூர்ச் சொந்தக்காரர்கள் ஒரு கும்பல். மடியில் அண்டா. “அக்காகிட்டயே குடுத்துடப் போறேன் மச்சான். இது வேண்டாம் எனக்கு” என்று மூக்கைச் சிந்தினாள். கண்டக்டர் விசாரித்தார். காத்தாயி சொன்னாள். முன் சீட்டுக்காரர் கேட்டார். கண்டக்டர் சொன்னார். கரி போட நின்ற இடத்திலெல்லாம் சேதி இறங்கிப் போனது.

“நெனக்காம இருக்க என்னா பண்ணணுங்க?” என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார்.

“வேற எதையாச்சும் நெனயுங்க.”

அவர் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எத நெனச்சாலும் நடுவுல அந்தம்மா வந்து நிக்கிறாங்க.”

வழியில் கரி அடுப்பு அணைந்து, பஸ் ராத்திரி முழுக்க நின்றுவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் அமலோற்பவமேரி எதிர்ப்பட்டாள்.

“எப்புடி இருக்கு நர்ஸம்மா?”

“நேத்து மத்தியானத்துலேந்து ஜாஸ்திங்க. ஒண்ணு மேல ஒண்ணு வருது. நேத்து மத்தியானம் ஏதாச்சும் நடந்துச்சா?”

நல்லுசாமி காதில் டமடம என்று கேட்டது.

காத்தாயி அதற்குள் உள்ளே போய்விட்டாள். “அக்கா” என்று ஒரு கதறல். “காத்தாயியா, ஹிக், நீயாடி?” என்று ஒரு கதறல். தங்கை அழ, அக்கா விக்க, அக்கா அழ, தங்கை தேற்ற, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கட்டிப்பிடித்த வேகத்தில் இடுப்பிலிருந்த அண்டா நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. கோயில் மணியைக் கீழே போட்ட மாதிரி ஆஸ்பத்திரி அதிர்ந்தது. மறைப்புக்கு அந்தப் பக்கத்து மீன்சுருட்டிக்காரர் மறுபடியும் போர்வையோடு கேட் வரை போய்த் திரும்பினார்.

டாக்டர் வந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எல்லாரும் வெளியில. நாளைக்குக் காலையில வரைக்கும் இந்தம்மாவ யாரும் பாக்கக் கூடாது. நீ மொதல்ல போ” என்றார் நல்லுசாமியிடம்.

“நான் புருஷனுங்க.”

“அதனாலதான் மொதல்ல போங்கறேன்.”

கேட்டைச் சாத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் புளியமரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். நல்லுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ராத்திரிதான் மிச்சம். நாளைக்கு இந்த டாக்டர் ரயிலேறினால், பஞ்சவர்ணம் இனி ஆயுசுக்கும் வெளிச்சத்தையும் இருட்டையும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் எழுந்து கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு நடந்தார்.

அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பட்டர், “யார் பேருக்கு?” என்றார்.

நல்லுசாமி வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். இப்போது பேரைச் சொன்னால் பெருமாளே அவளை நினைப்பாரே. பெருமாள் நினைத்து வருகிற விக்கலை எந்த டாக்டர் நிறுத்துவது?

“என்னப்பா, பேரு நட்சத்திரம் தெரியாதா?”

“எங்க கொழுந்தியா காத்தாயி பேருக்குப் பண்ணுங்க சாமி.”

பட்டர் காத்தாயிக்கு அர்ச்சனை பண்ணினார். நல்லுசாமி கையைக் கூப்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே, ‘பெருமாளே, நீ அவள நெனக்க வேணாம். அந்த விக்கல மட்டும் நெனச்சுக்க’ என்று வேண்டினார். மொட்டை போடுவதாகவும் சொன்னார். யாருக்காக என்று மட்டும் சொல்லவில்லை.

மண்டபத்தில் படுத்திருந்துவிட்டு விடிந்ததும் திரும்பி வந்தார். கேட் திறந்திருந்தது. தூரத்திலேயே காத்தாயி ஓடிவந்தாள்.

“முடிஞ்சிடுச்சு மச்சான். கண்ணு முடிஞ்சிடுச்சு.”

நல்லுசாமிக்கு உயிர் போய் வந்தது. “முடிஞ்சிடுச்சுன்னா?”

“ஆபரேசன்தான். நல்லபடியா.”

கம்பவுண்டர் வந்து விவரம் சொன்னார். நேற்றுச் சாயங்காலமே விக்கல் நின்றுவிட்டது. ராத்திரி ஒன்றுகூட வரவில்லை. விடியற்காலையில் டாக்டர் கத்தி வைத்தார். கட்டுப் போடுவதற்கு முன்னால் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார்.

“மூணுன்னாங்க. அதுல ஒண்ணு வளஞ்சிருக்குன்னாங்க. டாக்டர் அத நிமித்தி வச்சுட்டுச் சிரிச்சார்யா. அவர் சிரிச்சு நான் பாத்ததில்ல.”

நல்லுசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரும்பி நின்றார். பிறகு திரும்பியபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“பெருமாளு கைவிடல. நான் வேண்டிக்கிட்ட நேரமும் விக்கல் நின்ன நேரமும் ஒண்ணு” என்றார்.

“நான் நேத்து சாயங்காலத்துலேந்து அண்டாவையேதான் மச்சான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா நெனப்பு வந்தா அண்டாவத் தட்டிப்பேன். அதான் நின்னுச்சு” என்றாள் காத்தாயி.

“பேரு சொல்லச் சொன்னது யாரு?” என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள். குரும்பலூர்க்காரர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு நினைக்காமல் இருந்ததாகச் சொன்னார்கள். யாரோ வெற்றிலை பாக்கு எடுத்து நீட்டினார்கள். புளியமரத்தடி கல்யாண வீடாகிவிட்டது.

அமலோற்பவமேரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“நீங்களே சொல்லுங்க நர்ஸம்மா, எதுல நின்னுச்சு?” என்றார் நல்லுசாமி.

“பேரு சொன்னதுலதாங்க. எல்லாரும் போனப்புறம் அம்மா சும்மா படுத்திருந்தாங்க. பொறவு என்னக் கிட்டக் கூப்பிட்டு, கதவச் சாத்தச் சொன்னாங்க. சாத்தினேன். மெதுவா ஒரு பேரு சொன்னாங்க. அத்தோட நின்னுடுச்சு.”

“யாரு பேரு?”

“ஆம்பளப் பேரு.”

வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. காத்தாயி அண்டாவை மெல்லத் தரையில் வைத்தாள்.

“தெரிஞ்ச பேரெல்லாம் நானே எடுத்துக் குடுத்தேனே” என்றார் நல்லுசாமி. குரல் கொஞ்சம் உயர்ந்தது. “அவ அண்ணன், பங்காளிங்க, மணியக்காரரு, செக்குக்காரன் வரைக்கும் பாத்தாச்சு. அதுல இல்லாத ஆம்பள எவன்?”

“எனக்கென்னங்க தெரியும்?”

“சந்தையில ஒருத்தன் மீசைய முறுக்கிக்கிட்டு வந்தான். அவனா இருக்குமோ?” துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். “கதவச் சாத்திக்கிட்டுச் சொல்ற அளவுக்கு அப்புடி எந்தப் பய என் பொண்டாட்டிய ராப்பகலா நெனச்சுக்கிட்டு இருக்கான்? அந்தப் பேர இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்.”

அமலோற்பவமேரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“நானும் கேட்டுப் பாத்துட்டேங்க. கட்டுனவரு பேர வாயால சொன்னா அவருக்கு ஆயுசு கொறஞ்சிடுமாம், கண்ணுக்காக ஒரு தடவ சொன்னதே பாவமாம், மறுபடி சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”